டெபியன் தர்ற போஸ்ட்கிரெஸ் பேக்கேஜ்: மூணு தடவை மேல ஏத்தினவன் ரிவ்யூ

சர்வர் புதுசா போடுறவங்க எல்லாரும் கேக்குற கேள்விதான், டெபியன் லினக்ஸோட வர்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸே போதுமா இல்ல தனியா லேட்டஸ்ட் எடுத்துப் போடணுமான்னு. டெபியனோட ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரு பேரு உண்டு, அதுல பஸ்டர்ல போஸ்ட்கிரெஸ் 11-னு ஆரம்பிச்சு, புல்ஸ்ஐ-ல 13, புக்வார்ம்ல 15, இப்போ ட்ரிக்ஸில 17 வரைக்கும் அதே டேட்டாவை மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்திருக்கேன், அந்த உரிமைல சொல்றேன், போதும். ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ராத்திரி தூக்கம் போகும், அதுக்கு ரெடியா இருக்கணும்.

மேல இருக்குற நம்பரைப் பாத்தீங்கன்னா ஒண்ணு தெரியும், எல்லாமே ஒத்தைப்படை. போஸ்ட்கிரெஸ் வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் விடுது, டெபியன் ஸ்டேபிள், அதாவது சோதிச்சு முடிச்சு விடுற ரிலீஸ், கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, அதனால நடுவுல 12, 14, 16 எல்லாம் நம்ம ஸ்டேபிள் பக்கம் எட்டிக்கூட பாக்கல. ஒரு ரிலீஸுக்கு ஒரு வெர்ஷன், அவ்ளோதான். சிலருக்கு இது கடுப்பு. எனக்கு இதுதான் நிம்மதி, ஏன்னா பெரும்பாலும் தன்னார்வலர்கள் பாத்துக்குற ஒரு சிஸ்டம்ல நாலு வெர்ஷனை வச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் வருஷக்கணக்கா பேட்ச் போடுறது நடக்குற காரியமா. 15.1, 15.2-ன்னு வர்ற சின்ன திருத்தமெல்லாம் அப்டேட்லயே தானா வந்துடும், சர்வர் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகும், கனெக்ஷன் அறுந்து திரும்ப ஒட்டும், அதோட சரி. மத்த டேட்டாபேஸ் ஆளுங்க பட்ட பாட்டோட ஒப்பிட்டா இது சொர்க்கம்ங்க. 2017-ல ஸ்ட்ரெட்ச் வந்தப்போ மைஎஸ்க்யூஎல் போய் மரியாடிபி வந்துச்சு, மாங்கோடிபி 2018-ல லைசென்ஸை மாத்தினதும் பஸ்டர்ல ஆளையே காணோம்.

சரி, அந்த ராத்திரி கதைக்கு வர்றேன்.

ஓஎஸ்ஸை ட்ரிக்ஸிக்கு ஏத்தினா டேட்டாபேஸும் கூடவே ஏறிடும்னு நினைக்காதீங்க, ஏறாது. 15 பாட்டுக்கு 15-ஆவே ஓடிட்டு இருக்கும், 17 பக்கத்துல காலியா ஒரு புது கிளஸ்டரோட (ஒரு சர்வர் பாத்துக்குற டேட்டாபேஸ்களோட மொத்தத் தொகுப்பு) வந்து உக்காந்துக்கும். கிளஸ்டர் லிஸ்ட்டைக் காட்டுற பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ் கமாண்டை அடிச்சா ரெண்டு வரி வரும், 15 மெயின் 5432 போர்ட்ல, 17 மெயின் 5433-ல. வெர்ஷனுக்கு ஒரு ஃபோல்டர், கான்ஃபிக் தனி, டேட்டா தனி. இந்த அமைப்பை யோசிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு, உங்க டேட்டாவை நீங்க சொல்லாம யாரும் தொட மாட்டாங்க.

பிரச்சனை என்னன்னா டேட்டாவைப் புது வெர்ஷனுக்கு மாத்துற பிஜி அப்கிரேட்கிளஸ்டர் கமாண்டை ஓட்டுறதுக்கு முன்னாடி அந்த காலி 17-ஐ நாமதான் டிராப் பண்ணணும், அதாவது அழிக்கணும். டிராப்னு டைப் பண்ணிட்டு 15-ஆ 17-ஆன்னு மூணு தடவை படிச்சுட்டு எந்திரிச்சு போய் தண்ணி குடிச்சுட்டு வந்து நாலாவது தடவை படிச்சேன், கை நடுங்குச்சு, பேக்கப் இருந்தும். இந்த விஷயமெல்லாம் இன்ஸ்டால் நடக்கும்போதே ஒரு நீலத் திரைல தெளிவா சொல்லும், நாமதான் எண்டர் தட்டிட்டே போயிடுவோம்.

அப்புறம் என் முட்டாள்தனம் ஒண்ணு. வரைபடம், இட விவரமெல்லாம் கையாள்ற போஸ்ட்ஜிஐஎஸ்ங்கற எக்ஸ்டென்ஷன் யூஸ் பண்றேன், 17-க்கான போஸ்ட்ஜிஐஎஸ் பேக்கேஜைத் தனியா போடணும்ங்கறது மறந்தே போச்சு, பாதி தூரம் போய் எக்ஸ்டென்ஷன் இல்லைன்னு நின்னுடுச்சு. பழைய 15 அப்படியே இருந்ததால தப்பிச்சேன், பேக்கேஜைப் போட்டு திரும்ப ஓட்டினேன். எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்டை முதல்லயே எழுதி வச்சுக்கோங்க.

சின்ன டேட்டாபேஸ்னா டம்ப் எடுத்து திரும்ப ஏத்துற முறையே போதும், பொறுமையா முடியும். பெருசுன்னா மெத்தட் அப்கிரேட்னு குடுங்க, லிங்க்கும் சேத்தா ஃபைலை காப்பி பண்ணாம ஹார்ட்லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பேரு) போட்டு முடிச்சுடும், வேகம் சூப்பர், ஆனா புதுசை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டீங்கன்னா பழசுக்குத் திரும்புற வழி மூடிடும், ரெண்டும் ஒரே ஃபைல்தானே. நான் லிங்க் தொடல.

யாரும் பேசாத ஒண்ணு இருக்கு, கொலேஷன். எழுத்தை வரிசைப்படுத்துற விதியை போஸ்ட்கிரெஸ் வழக்கமா ஓஎஸ்ஸோட அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சிகிட்ட கேக்கும், ஓஎஸ் மாறினா ஜிலிப்சியும் மாறும், விதி மாறினா டேபிளோட டெக்ஸ்ட் காலம் (column) மேல கட்டின இண்டெக்ஸ், அதாவது தேடுறதுக்கான அட்டவணை, பழைய வரிசைலயே நிக்கும். இருக்குற வரியைத் தேடினா இல்லைன்னு சொல்லும், யூனிக்னு போட்ட இடத்துல டூப்ளிகேட் நுழையும், எர்ரரே வராது. 2019-ல பஸ்டரோட வந்த ஜிலிப்சி 2.28-தான் இதுல பேர் போன கேஸ். இந்த தடவை ஓஎஸ் ஏறின உடனே 15-ல உள்ள நுழைஞ்சதும் எச்சரிக்கை வந்துச்சு, டேட்டாபேஸ் உருவானது 2.36-ல இப்போ இருக்குறது 2.41-ன்னு. இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுற ரீஇண்டெக்ஸை முடிச்சுட்டுதான், புது வெர்ஷனைக் குறிச்சுக்கோன்னு சொல்ற ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் குடுக்கணும். மாத்தி குடுத்தா எச்சரிக்கை மட்டும் போகும், நோய் உள்ளயே இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன ஃபைல். டெபியன்ல பேக்கேஜ் போடுற ஆப்ட்டோட கான்ஃபிக்ல ஆட்டோரிமூவ், போஸ்ட்கிரெஸ்னு பேர்ல வர்ற ஒண்ணு கிடக்கும், திறந்து பாருங்க. தேவையில்லாததைக் கூட்டித் தள்ளும்போது பழைய போஸ்ட்கிரெஸ்ஸைத் தொடாதேன்னு அதுல எழுதியிருக்கு. பழைய சர்வர் ப்ரோக்ராம் போயிட்டா பழைய டேட்டாவைத் திறக்க ஆளில்லைன்னு எவரோ முன்னாடியே யோசிச்சிருக்காங்க பாருங்க.

16-தான் வேணும், 18-தான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு போஸ்ட்கிரெஸ் திட்டத்தோட சொந்த ஆப்ட் ரெப்போ இருக்கு, சப்போர்ட்ல இருக்குற எல்லா வெர்ஷனும் கிடைக்கும், கிளஸ்டர் கமாண்டும் இதேதான். ஒரு சர்வர் வச்சிருக்கறவங்களுக்கு அது தேவையான்னா எனக்குத் தோணல.

அஞ்சுக்கு நாலரை. அந்த அரை, காலி கிளஸ்டரை நம்ம கையால டிராப் பண்ண வச்சதுக்கு.

எல்லாம் முடிஞ்சு 17 இப்போ 5432-ல ஓடுது, 15 டவுன்னு சிவப்புல 5433-ல நிக்குது. டிராப் பண்ணிடலாம், ரெண்டு வாரமா நல்லாத்தான் ஓடுது. டிஸ்க்ல இடம் இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்.