தண்ணீர் டெஸ்ட் என்று பையோடு வீட்டுக்கு வருகிறவர்களிடம் உஷார்: 18,500 ரூபாய் போச்சு

தர்மபுரி மாவட்டத்துப் பேரூராட்சிகளில் இருப்பவர்கள், குறிப்பாக வீட்டில் வயசான அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், இதை முழுசாகப் படியுங்கள். "உங்க ஊர்க் குழாய்த் தண்ணியை ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தர்றோம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறும் ஒரு ஆர்ஓ (தண்ணீர் சுத்திகரிப்பு) மெஷின் கடைக்காரர்கள் எங்கள் வீட்டில் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் இதே மெஷின் மாட்டியிருக்கிறது.

முதலில் அந்த டெஸ்ட். வீட்டு டம்ளரையே கேட்டு வாங்குகிறார்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டு வந்த ஆர்ஓ தண்ணீர். மேலே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கீழே நாலு கம்பி. ஒவ்வொரு டம்ளருக்கும் இரும்புக் கம்பி ஒன்று, அலுமினியக் கம்பி ஒன்று. ப்ளக்கில் மாட்டி சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கரும்பச்சையாகத் திரிந்து, மேலே கசடு நுரைத்து நிற்கும். பக்கத்து டம்ளர் அப்படியே தெளிவாக இருக்கும். "பாருங்கம்மா, இதைத்தான் நீங்க இத்தனை வருஷமா குடிக்கறீங்க. பேரப்பிள்ளைக்கும் இதைத்தான் கொடுக்கறீங்க." அம்மா நம்பிய இடம் அதுதான். கண்ணெதிரே, நம் வீட்டு டம்ளரில், நம் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர். யாராக இருந்தாலும் கலங்கித்தான் போவார்கள்.

அந்தக் கசடு தண்ணீரிலிருந்து வரவில்லை. அவர்களின் இரும்புக் கம்பி கரைந்து வருகிறது. தண்ணீரில் இயற்கையாகவே கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு என்று உப்புகள் இருக்கும். உப்பு இருந்தால் கரண்ட் பாயும். கரண்ட் பாய்ந்தால் இரும்பு கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரியும். கிட்டத்தட்ட துருதான் அது. அலுமினியம் கரைந்தால் வெள்ளையாகத் திரியும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் கரண்ட் அவ்வளவாகப் பாயாது, கம்பியும் அவ்வளவாகக் கரையாது, டம்ளர் தெளிவாகவே நிற்கும். அவர்களுடைய அந்தத் தெளிந்த ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகிவிடும். பெரும்பாலும் போட மாட்டார்கள், பெட்டியை மூடிவிடுவார்கள். இன்னொன்று, அந்தப் பெட்டி 230 வோல்ட்டை நேராகத் தண்ணீருக்குள் இறக்குகிறது. குழந்தை விரலை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர். டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. எங்கள் குழாய்த் தண்ணீரில் 340 காட்டியது. "முந்நூத்தி நாப்பது விஷம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்திய குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஆகவே உப்பளவில் 340 நல்ல தண்ணீர்தான். 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 500க்குக் கீழே டிடிஎஸ் உள்ள இடங்களில் ஆர்ஓ மெஷினையே தடை செய்யச் சொல்லி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. எதற்கு? வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் வேண்டுமென்றால் 60 லிட்டர் சாக்கடைக்கு. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுகிற ஊரில் இதை விற்கிறார்கள்.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரண்ட் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை மட்டும் அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. குடத்தில் கொஞ்சம் சாக்கடைத் தண்ணீர் கலந்தாலும் அந்த எண் பெரிதாக நகராது. எங்கள் மாவட்டத்தின் நிஜப் பிரச்சினையான புளோரைடையும் அது காட்டாது. புளோரைடின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. மீட்டர் காட்டுகிற 340க்குள் அந்த ஒன்றரை இருக்கிறதா, மூன்று இருக்கிறதா என்று எப்படிப் பிரித்துச் சொல்லும்?

எனக்கு வயிறு எரிவது இதில்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகளையும், மூட்டு இறுகிப்போன பெரியவர்களையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. அந்தப் பயத்தை வைத்து, புளோரைடை அளக்கவே முடியாத இரண்டு கருவிகளைக் காட்டி, வயசானவர்களிடம் 18,500 ரூபாய் வாங்குகிறார்கள். 5,000 ஜிபேயில், அதுவும் கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனிநபர் பெயருக்கு. மீதி 13,500 ரொக்கம். பில் கேட்டதற்கு "எஸ்டிமேட்" என்று அச்சடித்த சீட்டு. அதில் ஜிஎஸ்டி நம்பர் இல்லை, மெஷின் சீரியல் நம்பர் இல்லை, வாரண்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாரண்டி எல்லாம் வாயால் சொன்னதோடு சரி.

மாட்டிய அன்று ஆர்ஓ தண்ணீரில் மீட்டர் 28 காட்டியது. 340 உள்ளே போய் 28 வெளியே வந்தால் மெம்ப்ரேன் (உள்ளே வடிகட்டும் சவ்வு) 90 சதவீதத்துக்கு மேல் உப்பைத் தடுக்கிறது, சரியான கணக்கு. "ஃப்ரீ சர்வீஸ்" என்று ஒரு பையன் வந்து திறந்து மூடிவிட்டுப் போன பிறகு அதே ஆர்ஓ தண்ணீரில் 210. போன் போட்டால் முதலில் "டெக்னீஷியன் வெளியூர்ல இருக்கார் சார்". அப்புறம் "உங்க ஊர்த் தண்ணி அப்படி, நாங்க என்ன பண்றது". அப்புறம் "கேண்டில் அடைச்சிருக்கும், மாத்தணும், 1,800 ஆகும்". கேண்டில் என்று இவர்கள் சொல்வது முன்னால் தொங்கும் பஞ்சு ஃபில்டர். அது அடைத்தால் முக்கியமாகத் தண்ணீர் வரத்துதான் குறையும், டிடிஎஸ் இந்த அளவுக்கு ஏறாது. இதைச் சொன்னதும் "நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்றார்கள். நேரில் போனால் கடையில் இருந்தவர், "அது நாங்க மாட்டினதே இல்ல, ஏஜென்ட் மாட்டினது, அவர் இப்ப எங்ககிட்ட இல்ல" என்று கையை விரித்துவிட்டார். வாங்கும்போது கடை, கேட்கும்போது ஏஜென்ட். இப்போது எங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

மெஷினைத் திறந்தால் உள்ளே இருந்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் பாருங்கள். மெம்ப்ரேன் உருளையில் கம்பெனி லேபிள் இல்லை. அதன் மூக்குக் குழாயில் இரண்டு சின்ன ரப்பர் ஓ-ரிங் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. அந்த இடைவெளியில் சுத்தம் ஆகாத தண்ணீர் நேராக நல்ல தண்ணீரோடு கலக்கும். டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன திருகு வால்வு இருக்கும், அது பாதி திறந்திருந்தது. "டேஸ்ட்டுக்காக" என்று திறந்து வைப்பார்கள். அது செய்யும் ஒரே வேலை, மெம்ப்ரேனுக்குப் போகாத தண்ணீரைக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கலப்பது. போர் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் அந்தத் திருகு வழியாகப் புளோரைடும் திரும்பி வந்துவிடும்.

எல்லாவற்றையும் விட மோசம் யூவி, அதாவது கிருமியைக் கொல்ல வேண்டிய புற ஊதா விளக்கு. விளம்பரத் தாளில் "ஆர்ஓ, யூவி, யூஎஃப், காப்பர், ஆல்கலைன்" என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. தண்ணீர் திறந்தால் டேங்கில் அழகாக நீல வெளிச்சம் எரிகிறது. அது வெறும் எல்இடி. உண்மையான யூவி விளக்கு ஒரு ஸ்டீல் குழலுக்குள் இருக்கும், வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் 11 வாட், தனியாக ஒரு சோக்கும் அதிலிருந்து ஒயரும் வரும். விளக்கு குழலுக்குள் மூடியிருப்பதால் வெளியே வெளிச்சமே தெரியாது. எங்கள் மெஷினில் ஸ்டீல் குழல் இருக்கிறது. இரண்டு முனையிலும் மூடி. சோக் இல்லை, ஒயர் இல்லை, உள்ளே விளக்கே இல்லை. கார்பன் ஃபில்டர் குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரினையும் எடுத்துவிடும். அதாவது குளோரினும் இல்லாமல், யூவியும் இல்லாமல், வெளித் தண்ணீர் கலந்து டேங்கில் தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் 18,500 ரூபாய் கொடுத்துக் குடித்திருக்கிறார்கள். இதற்குக் குழாய்த் தண்ணீரையே கொதிக்க வைத்துக் குடித்திருக்கலாம்.

சின்ன ஊர்க் குழாய்த் தண்ணீரில் கெடுதலே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். தண்ணீர் விடாத நாட்களில் பைப் காலியாகக் கிடக்கும். பைப் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் ஜாயின்ட் கசிந்தால் வெளி அழுக்கு உள்ளே இழுபடும். யாராவது வீட்டு இணைப்பில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் வேகமாக இழுபடும். அதனால் தண்ணீர் விட்டதும் முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள், கலங்கலும் வாடையும் போகும் வரை செடிக்கோ வாசலுக்கோ விடுங்கள். தெருக் கடைசிக் குழாயில் குளோரின் மீதம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். டேங்க் ஆபரேட்டரிடம் குளோரோஸ்கோப் இருக்கும், சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். நிறமே வரவில்லை என்றால் குளோரின் இல்லை. கேட்டால் காட்டச் சொல்லலாம், நமக்கு உரிமை இருக்கிறது. வீட்டு சம்ப்பில் 1,000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் போதும். பவுடரை அப்படியே கொட்டாமல், குழைத்துக் கரைத்து, தெளிய விட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்றி அரை மணிக்கு மேல் விட வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் சத்து இருக்காது.

உண்மையான டெஸ்ட் வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். புளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மைக்கு 2 லிட்டர் சுத்தமான கேன் போதும். கிருமிப் பரிசோதனைக்கு அவர்களே தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும், அதைக் கழுவக் கூடாது, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தெருக் குழாயில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று என்று இரண்டாக எடுங்கள். முதலாவது நல்லதாக இருந்து இரண்டாவது கெட்டிருந்தால் கோளாறு உங்கள் சம்ப்பில். 100 மில்லியில் ஈகோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) ஒன்று கூட இருக்கக் கூடாது.

கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் தளதளவென்று கொதிக்க விட்டால் போதும். புளோரைடு கொதித்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். புளோரைடு 1.5க்கு மேல் என்று ரிப்போர்ட் வந்தால் ஆர்ஓ தேவைதான், டிடிஎஸ் கன்ட்ரோலரை முழுசாக மூடி வையுங்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது நுகர்வோர் ஆணையப் புகாருக்குத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் அவசரத்துக்கு இவ்வளவுதான். ஜிஎஸ்டி பில்லும் சீரியல் நம்பரும் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மாட்டும் அன்றே மெஷினைத் திறக்கச் சொல்லி மெம்ப்ரேன், யூவி சோக், ஓ-ரிங் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். நாங்கள் எடுக்காததால்தான் சர்வீஸின்போது மெம்ப்ரேனை மாற்றினார்களா என்று இன்று நிரூபிக்க முடியவில்லை. சர்வீஸ் பையன் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஏமாந்தவர்கள் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், எஸ்டிமேட் சீட்டையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வையுங்கள். எங்கள் 18,500 வருமோ வராதோ, இவர்கள் இப்போது பக்கத்து ஊர்களில் சுற்றுகிறார்களாம். தண்ணீர் டெஸ்ட்டுக்கு என்று ப்ளக் பாயின்ட் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.