ஸ்லிம் மென்பொருள்: இயற்கைத் தேர்வை மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்க

பழைய விதைத் தேயிலை மலையில் இரண்டு செடி ஒன்றுபோல் இருக்காது. வீபி மலையில் (வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த தேயிலை) ஒரே ரகம் நட்டிருந்தால் எல்லாம் ஒரே தாயின் நகல். முதலாவதில் மீள்சேர்க்கை (தாய், தந்தை வழி மரபுத் துண்டுகள் வெட்டி மாறிச் சேர்வது) நடந்திருக்கிறது, மற்றதில் இல்லை. இந்த வித்தியாசம் தலைமுறைக் கணக்கில் எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டுவதற்கு ஸ்லிம் மிக நல்ல கருவி. இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் எட்டாத டிவிஷனிலும் ஓடும்.

திறந்ததும் வரும் மாதிரி நிரலில் 500 உயிரிகள், 100,000 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) கொண்ட நிறமூர்த்தம், விகார (டிஎன்ஏ மாற்ற) வீதம் 10⁻⁷, மீள்சேர்க்கை வீதம் 10⁻⁸. ஓட்டம் 2000 தலைமுறையில் நின்றுவிடும், அது போதாது. குடித்தொகையின் அளவைப்போல் பத்து மடங்கு, அதாவது 5000 தலைமுறை ஓடவிட்டு, போதிய வேறுபாடுகள் சேர்ந்த பிறகுதான் நன்மையான விகாரத்தை ஓர் உயிரியில் புகுத்த வேண்டும்.

புகுத்தியதும் பெரும்பாலும் அது காணாமல் போகும். நிரலில் பிழை தேட வேண்டாம். தேர்வுக் குணகம் (இரு பிரதிகள் தரும் அனுகூலம்) 0.05, ஆட்சிக் குணகம் (அதில் ஒரு பிரதி மட்டும் தரும் பங்கு) 0.5 என்றால், ஒரு பிரதி மட்டும் கொண்ட பல்லினநுகத்துக்குக் கிடைக்கும் அனுகூலம் இரண்டின் பெருக்கமான 0.025தான். மரபியலாளர் ஹால்டேன் 1927இல் காட்டியபடி அது நிலைபெறும் (குடித்தொகை முழுவதும் பரவிவிடும்) வாய்ப்பு ஏறத்தாழ அதன் இரு மடங்கு: 5 சதவீதம். ஒரு தடவையாவது நிலைபெறுவதைக் காண 90 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 45 ஓட்டம் தேவை. ஒவ்வொன்றுக்கும் சீட் எண் (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) வேறாக இருக்கிறதா என்று பாருங்கள், அதே எண்ணைக் கொடுத்தால் அதே முடிவுதான் திரும்பத் திரும்ப வரும்.

நிலைபெற்ற ஓட்டத்தில் நிறமூர்த்தப் படத்தைக் கவனியுங்கள். புதிய விகாரத்தின் கோடு உயர உயர, அது பிறந்த இழையிலிருந்த மஞ்சள் கோடுகளும் (நன்மையோ தீமையோ தராத விகாரங்கள்) கூடவே ஏறும். மற்றவை தேய்ந்து மறையும். மீள்சேர்க்கை வீதம் 10⁻⁸இல் கிட்டத்தட்ட முழுப் படமும் காலியாகிவிடுவதால் மீள்சேர்க்கை வேலை செய்யவில்லையோ என்று தோன்றும். நன்மையான விகாரம் ஏறி முடிய 550 தலைமுறை அளவுதான் ஆகும். அதற்குள் இவ்வளவு குட்டையான துண்டில் வெட்டு விழுவது அரிது. 10⁻⁶ கொடுத்தால் இருபுறமும் சில ஆயிரம் காரங்கள் மட்டுமே வெறுமையாகும்.

வீபிக்கு குளோனிங் வீதத்தை 1.0 ஆக்குங்கள். கொப்புள நோயைத் தாங்கும் விகாரம் ஒரு செடியிலும் வறட்சியைத் தாங்குவது இன்னொன்றிலும் வந்தால், இரண்டும் ஒரே செடியில் சேர வழியில்லை. ஒன்று மற்றதைத் தள்ளிவிடும்.

கையேடு ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் மிகப் பெரியது. 2022இல் வந்த 4ஆம் பதிப்பில் சில கட்டளைகளின் பெயர் மாறிவிட்டதால் பழைய நிரல்கள் அப்படியே ஓடாது. 'ஃபிட்னஸ்' என்றிருந்ததை 'மியூட்டேஷன் எஃபெக்ட்' என்றும், 'ஜெனரேஷன்' என்றிருந்ததை 'சைக்கிள்' என்றும் மாற்றிப் பாருங்கள்.