எஃப்-100க்கு கிரவுன் விக் முன்பக்கம்: ஓட்டச் சுகம், ஆனாலும் வேண்டாம்

“அண்ணே, நானும் 70 மாடல் எஃப்-100 ஒண்ணு வாங்கிட்டேன். முன்பக்கத்தைக் கழற்றிட்டு கிரவுன் விக் போடலாமா?” என்று டாலஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எஃப்-100 என்பது ஃபோர்டின் பழைய பிக்கப் வண்டி, கிரவுன் விக் என்பது ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா கார். அந்தக் காரின் முன்சக்கர சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றையும் மொத்தமாகப் பிக்கப்பில் மாட்டுவதைத்தான் கேட்கிறார். என்னுடையது 1972 மாடல் எஃப்-100. டெக்சாஸில்தான் ஓடுகிறது. இந்த மாற்றத்தைச் செய்து சில வருடங்கள் ஆகிவிட்டன. சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் லோயர் பால் ஜாயின்டில் லூஸ் விழுந்து, இப்போதுதான் இரண்டு பக்கமும் மாற்றி முடித்தேன். வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தபோது இது பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால், அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பழசுக்கு உரிய மரியாதை. ஃபோர்டு 1965-இல் கொண்டுவந்த ட்வின் ஐ-பீம் மட்டமான அமைப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனியாக ஒரு கனத்த இரும்பு பீம். இடது சக்கரத்தின் பீம் வண்டியின் வலது பக்கத்தில் கீல் வைத்து ஆடும், வலது சக்கரத்தினுடையது இடது பக்கத்தில். முன்பின் நகராமல் ஒரு ரேடியஸ் ஆர்ம் பிடித்துக்கொள்ளும். மேலே காயில் ஸ்பிரிங். பண்ணை வேலைக்கும் குண்டும் குழியுமான மண் பாதைக்கும் இதைப் போல உழைத்தது வேறு இல்லை. இரண்டு சக்கர டிரைவ் எஃப்-150 வண்டிகளில் 1996 மாடல் வரை இதே அமைப்புதான் வந்தது.

ஆனால் சக்கரம் மேலே ஏறி இறங்கும்போது நேராக ஏறி இறங்குவதில்லை, பீமோடு சேர்ந்து வில் போல வளைந்து போகிறது. அதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம், மாறும். இரண்டு டயருக்கும் இடையிலான அகலமும் கொஞ்சம் மாறும். வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும், உயர்த்தினால் வெளியே சாயும். அந்தக் காலத்தில் கேம்பர் சரிசெய்ய வேண்டுமென்றால் பீமையே ஹைட்ராலிக் அழுத்தத்தில் குளிர்நிலையில் வளைப்பார்கள். அந்தக் கருவியும் அந்தக் கையும் உள்ள பட்டறை இப்போது அபூர்வம். இதோடு தேய்ந்த கிங் பின்னும் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு முளை), நைந்துபோன ரேடியஸ் ஆர்ம் ரப்பர் புஷ்ஷும், பவர் இல்லாத ஸ்டியரிங்கும் சேர்ந்தால், கான்கிரீட் நெடுஞ்சாலையில் வண்டியை ஓட்டுவதைவிட பிடித்துவைப்பதுதான் வேலையாக இருக்கும். என் வண்டியில் அப்போது முன்னாலும் டிரம் பிரேக். மழை நாளில் ஒரு பக்கம் இழுக்கும்.

சரி, கிரவுன் விக் ஏன்? ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவுக்கு 2003 மாடலில் அடிச்சட்டத்தையே மாற்றினார்கள். முன்னால் வார்ப்பு அலுமினியத்தில் ஒரு கிராஸ் மெம்பர், மேலும் கீழும் ஆர்ம், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த யூனிட், ரேக் அண்ட் பினியன் (பற்சட்டமும் பற்சக்கரமும் சேர்ந்த) ஸ்டியரிங், இரட்டை பிஸ்டன் டிஸ்க் பிரேக். போல்ட்டுகளைக் கழற்றினால் எல்லாம் ஒரே மூட்டையாக இறங்கி வரும். போலீஸ் வண்டியாகவும் டாக்சியாகவும் நாடு முழுக்க ஓடிய கார் என்பதால் காயலான் கடைகளில் நிறைய கிடந்தது. லிங்கன் டவுன் கார், மெர்குரி கிராண்ட் மார்க்வி இரண்டிலும் இதே முன்பக்கம்தான். 2011 செப்டம்பரில் கனடாவின் ஒன்டாரியோவில் உற்பத்தி நின்றுபோனது. அதனால் இந்த முழு மூட்டை, அதாவது நல்ல அசெம்பிளி, கிடைப்பது வருடா வருடம் குறைந்துகொண்டுதான் வரும். 2003-க்கு முந்தையதை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம். அதில் ரேக் ஸ்டியரிங்கே கிடையாது.

வேலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, படம் போட்டு விளக்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒன்று மட்டும். “போல்ட் போட்டால் மாட்டிக்கொள்ளும்” என்று இந்த மாற்றத்துக்கான பாகங்களைத் தொகுப்பாக (கிட்) விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. சேஸிஸில் வெட்ட வேண்டியதும் வெல்டிங் வைக்க வேண்டியதும் வரும். அதை வெல்டிங் நன்றாகத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். எஞ்சின் மவுன்ட் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய ஸ்டியரிங் தண்டை ரேக்கோடு இணைக்க யூ-ஜாயின்ட் வைத்த தனி ஷாஃப்ட் வேண்டும், அது எக்ஸாஸ்ட் பைப்பை உரசாமல் போக வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பாகம்) டிஸ்குக்கு உதவாது, அதையும் மாற்றி, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் வைக்க வேண்டும். முன்பக்கம் பல அங்குலம் தாழ்ந்துவிடும். பின்பக்கத்தையும் தாழ்த்தாவிட்டால் மூக்கு குத்தின மாதிரி நிற்கும்.

இவ்வளவும் முடிந்து முதல் முறை சாலையில் இறக்கியபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒற்றைக் கையில் ஓட்டலாம். கான்கிரீட் பாலங்களின் இணைப்புகளில் முன்பு ஸ்டியரிங் உதறும், இப்போது கை வரைக்கும் எதுவும் வருவதில்லை. லாரி பக்கத்தில் கடந்து போனால் காற்று அடிக்கும், வண்டி தன் பாதையிலேயே போகும். பிரேக் மிதித்தால் நேராக நிற்கிறது. என் மனைவி பழைய நிலையில் இந்த வண்டியைத் தொடவே மாட்டாள். இப்போது காய்கறி வாங்க அவளேதான் எடுத்துப் போகிறாள். முன் டயர் இரண்டும் சமமாகத் தேய்கின்றன. பழைய பீமில் உள்விளிம்பு ரம்பம் மாதிரி ஆகிக் கிடக்கும்.

அலைன்மென்ட் விஷயம் தனிச் சந்தோஷம். கடையில் போய் “கம்ப்யூட்டரில் 2008 கிரவுன் விக்டோரியா என்று போடுங்கள்” என்று சொன்னால் போதும், அந்த அளவுகளுக்கே வைத்துத் தருவார்கள். முன்னால் நிற்கும் வண்டியையும் திரையில் இருக்கும் பெயரையும் பார்த்துவிட்டுப் பையன்கள் முதலில் தயங்குவார்கள். அடியில் குனிந்து பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். பால் ஜாயின்ட் மாற்றியதும் அப்படித்தான். ஜாயின்டோடு சேர்ந்த முழு லோயர் ஆர்ம் சாதாரண உதிரிபாகக் கடையிலேயே கிடைத்தது. கிங் பின் தட்டி இறக்கியவர்களுக்கு இந்த நிம்மதியின் அருமை தெரியும்.

இனி சக்கரத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு இன்று வரை ஆறாத விஷயம்.

கிரவுன் விக்கின் முன்பக்கம் அகலம். சக்கரம் மாட்டும் ஹப் ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஈடுகட்ட அந்தக் காரின் சக்கரங்களில் நட்டு மாட்டும் முகத்தை வெளிவிளிம்பு வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். எஃப்-100 சக்கரத்தில் அந்த முகம் உள்ளே ஆழத்தில் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் விளிம்பு, பிறகு ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தின் நடுவில் சின்னதாக ஒரு குரோம் கப். பழையது நிமிர்த்தி வைத்த தாம்பாளம் என்றால், புதியது கவிழ்த்து வைத்த தாம்பாளம். அந்தப் பள்ளத்தில் விழும் நிழல்தான் அந்தக் கால பிக்கப்புக்குப் பாதி அழகு என்பது அது போன பிறகுதான் கண்ணில் படுகிறது.

பழைய சக்கரத்தையே மாட்டலாமே என்று கேட்பார்கள். முடியாது. எஃப்-100இல் ஐந்து போல்ட்டும் ஐந்தரை அங்குல வட்டத்தில், கிரவுன் விக்கில் நாலரை அங்குல வட்டத்தில். மாற்று அடாப்டர் வைத்தால் சக்கரம் இன்னும் வெளியே தள்ளிக்கொண்டு மட்கார்டைத் தாண்டி நிற்கும். நாலரை அங்குல வட்டத்தில் பழைய பாணி ஸ்டீல் சக்கரம் வாங்கினாலும் இதே கதை, ஆழமான முகம் உள்ளவரை டயர் வெளியேதான் நிற்கும். முன்னால் ஒரு வட்டம், பின்னால் ஒரு வட்டம் என்று ஓட்டினால் ஸ்டெப்னி ஒன்று போதாது. ஆகவே பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டியதாகிறது. முன்பக்கத்தை மட்டும் மாற்றத் தொடங்கிய வேலை இப்படித்தான் வண்டி முழுக்கப் பரவியது. இத்தனைக்குப் பிறகும் தட்டை முகச் சக்கரம்தான்.

நான் விதவிதமாக முயன்றுவிட்டேன். கறுப்பு ஸ்டீல், வெள்ளை ஸ்டீல், அதன் மேல் பழைய கப். கப் ஒட்டவைத்த மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. 17 அங்குலத்தில் அலுமினியம் போட்டபோது வண்டி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது 1972 வண்டியாக இல்லை. பெட்ரோல் பங்க்கில் வயதானவர்கள் முன்பெல்லாம் நின்று பேசுவார்கள். தங்கள் அப்பா ஓட்டிய வண்டியைப் பற்றிச் சொல்வார்கள். இப்போதும் பேசுகிறார்கள். ஆனால் எஞ்சின் என்ன, எவ்வளவு செலவு என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பழைய பேச்சுதான் பிடிக்கும்.

இன்னொரு தொல்லை, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் பின்பக்கம் உள் மட்கார்டை உரசுகிறது. டயர் அளவைக் குறைத்துப் பார்த்தேன், உரசல் குறைந்தது, போகவில்லை. இந்த ஒன்று மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன்.

ஆகவே தம்பி, என் பதில்: வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். நான் திரும்பிப் போக மாட்டேன் என்பதும் உண்மைதான், வெட்டிய சேஸிஸை ஒட்டவைத்து பீமைத் தொங்கவிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் வண்டி இன்னும் முழுசாக இருக்கிறது. கிங் பின்னையும் ரேடியஸ் ஆர்ம் புஷ்ஷையும் புதிதாகப் போடுங்கள். 1973-லிருந்து 79 வரை வந்த எஃப்-100இன் டிஸ்க் பிரேக் பாகங்களை உங்கள் ஐ-பீமிலேயே ஏற்றலாம், பலர் செய்திருக்கிறார்கள். அதற்கு ஐந்தரை அங்குல வட்டமும் மாறாது. அதே வருட வண்டிகளின் பவர் ஸ்டியரிங் பாக்ஸைத் தேடிப் பிடியுங்கள். அலைன்மென்டுக்கு, பெரிய டிரக்குகளுக்கு வேலை செய்யும் பழைய பட்டறை ஒன்றை விசாரியுங்கள். ஓட்டுவதில் என் வண்டியின் பக்கத்தில் அது வராது, அதையும் மறைக்கவில்லை. உங்களுக்குத் தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போக வேண்டும் என்றால் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அப்படிப் போடுவதென்றே முடிவெடுத்தால், அசெம்பிளிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் சக்கரத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் கண்ணுக்குப் பிடித்த சக்கரம் அந்த ஹப்பில் மட்கார்டுக்குள் நிற்குமா என்று அளந்து பாருங்கள். என் சக்கரங்களை வேண்டுமானால் ஒரு சனிக்கிழமை வந்து எடுத்துப் போய், உங்கள் வண்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பாருங்கள்.