‘எல்லாம் செட் பண்ணி ரெடி’ என்று விற்கும் ராக் கிராலர்: பணம் அனுப்பும் முன் ஒரு நிமிடம்

ரிமோட் ராக் கிராலர் (பாறைமேல் மெதுவாக ஏற்றி ஓட்டும் சிறிய ரிமோட் கார்) பக்கம் புதிதாக வருபவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. வெளியே ஜீப் பாடி, பெரிய டயர், கூரைமேல் லைட். உள்ளே ஸ்பீடு காருக்கான மலிவு சாமான்கள். இதைப் ‘புரோ செட்டப்’ என்று சொல்லி விற்கிறார்கள். அப்படி ஒன்றுக்கு 26,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் விற்றவரின் பெயரைப் போடவில்லை. அதே படங்களோடு வேறு பெயர்களிலும் விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன, அதனால்தான் இந்தப் பதிவு.

விளம்பரத்தில் இருந்தது இது: ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் தலைமுறை சேசிஸ் (அடிச்சட்டம்), முன்னும் பின்னும் லாக் செய்த டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் கியர்), 35 டர்ன் (உள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை) மோட்டார், கிராலருக்கான இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), 25 கிலோ திருப்பு வலு உள்ள மெட்டல் கியர் சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார்), 5000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள 2எஸ் (இரண்டு செல்) லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஆயில் ஷாக், எல்லா இடத்திலும் பால் பேரிங். கூடவே, ‘பெட்டியைத் திறந்து நேரே பாறையில் விடலாம், ஃபிட்டிங், செட்டிங் எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்ற உறுதி. அக்கா மகனும் நானும் சேர்ந்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் ஆர்டர் போட்டேன். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி கூரியருக்குக் கொடுக்கும் முன். இரண்டுமே ஒரு தனிநபர் யுபிஐ எண்ணுக்குப் போனது.

ஓசூரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கல் குவியலிலேயே வண்டியின் வண்டவாளம் தெரிந்துவிட்டது. முன் சக்கரங்களில் ஒன்று கல்லை விட்டு மேலே எழும்பியதும் அது மட்டும் காற்றில் சுற்றியது, கல்லைப் பிடித்துக்கொண்டிருந்த மறு சக்கரம் அசையவே இல்லை. சரிவில் ரிமோட்டின் ட்ரிகரை விட்டால் வண்டி நிற்காமல் பின்னோக்கி உருண்டது. இரண்டு கல்லுக்கு நடுவே டயர் மாட்டினால் சர்வோ முனகியதே தவிர ஸ்டியரிங் திரும்பவில்லை. சிறிது நேரத்திலேயே மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சூடாகி, வார்னிஷ் கருகும் வாசம் வந்தது.

கிராலர் என்பது வேகத்துக்கான வண்டி இல்லை. நடக்கிற வேகத்தில், சில நேரம் அதைவிட மெதுவாக, சக்கரம் சக்கரமாகப் பாறையில் ஏற வேண்டும். அதற்குத்தான் டிஃபரன்ஷியலை லாக் செய்கிறார்கள்: ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் மறு சக்கரத்துக்கு இழுவை போய்ச் சேரும். அதற்குத்தான் டிராக் பிரேக் உள்ள இஎஸ்சி: ட்ரிகரை விட்டதும் மோட்டாரே பிரேக்காக மாறி, சரிவில் வண்டியை அப்படியே பிடித்து நிறுத்தும். மோட்டாரில் டர்ன் எண்ணிக்கை கூடினால் வேகம் குறையும், மெதுவான ஓட்டத்தில் கட்டுப்பாடு கூடும். இந்த மூன்றும் இல்லாத வண்டிக்கு எந்த பாடி போட்டாலும் அது கிராலர் ஆகாது.

பல வருடமாகக் கிராலர் கட்டி ஓட்டும் நண்பர் ஒருவர் வந்து, என் கண் முன்னாலேயே வண்டியைப் பிரித்தார். சேசிஸில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை, அது பெயரில்லாத நகல். நகல் சேசிஸ் வாங்குவதில் தப்பே இல்லை, நல்ல நகல்கள் நிறைய இருக்கின்றன. நகலை நகல் விலைக்கு, நகல் என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். மோட்டாரில் ‘35T’ ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார், அதன் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், ‘27T’ என்று. சர்வோவின் நான்கு திருகுகளையும் கழற்றி மூடியைத் திறந்தால், வெளியே தெரியும் கடைசிப் பல்சக்கரம் மட்டும் உலோகம். உள்ளே இருந்த மற்றவை எல்லாம் வெள்ளை நைலான், அதில் ஒன்று ஏற்கெனவே இரண்டு பல் இழந்திருந்தது. ஷாக்கைத் திறந்தால் ஒரு சொட்டு ஆயில் இல்லை. பேரிங் இருக்க வேண்டிய சில இடங்களில் பிளாஸ்டிக் புஷ்.

‘செட்டிங் எங்கள் பொறுப்பு’ என்றாரே, அதன் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மோட்டாரின் பினியன் (சிறிய பல்சக்கரம்) அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியரோடு இறுக்கி அழுத்தப்பட்டிருந்தது. நடுவில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து, மோட்டாரை அழுத்தி முறுக்கி, பிறகு காகிதத்தை உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும். ஒரு நிமிட வேலை, அதைக்கூடச் செய்யவில்லை. ஸ்டியரிங் எண்ட் பாயிண்ட் (எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லை) வைக்காததால் முழுக்கத் திருப்பினாலே சர்வோ முட்டிக்கொண்டு இரைந்தது. உலோகத்தில் ஏறும் திருகு ஒன்றில்கூட, அது கழலாமல் பிடிக்கும் லாக் பசை இல்லை.

இதெல்லாம் பண நஷ்டம். பேட்டரி விஷயம் அப்படி இல்லை, அது ஆபத்து. மேலே 5000 என்று அச்சடித்த உறை. சமையலறைத் தராசில் வைத்தால் 124 கிராம். அந்தக் கொள்ளளவில் 2எஸ் பேக் பொதுவாக 200 கிராமுக்கு நன்றாகவே மேலே இருக்கும். இந்த எடை 2200 எம்ஏஎச் பேக்கின் எடை. லிப்போவை அதன் கொள்ளளவைப் பார்த்துத்தான் சார்ஜ் செய்வோம்: 5000 என்றால் 5 ஆம்பியர். உள்ளே இருப்பது 2200 என்றால் அதே 5 ஆம்பியர் இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகம். என் பேட்டரி வீங்கியதற்கு நண்பர் சொன்ன காரணம் இதுதான். இது போதாது என்று, இஎஸ்சியில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் குட்டி ஜம்பர் நிக்கல் பேட்டரி பக்கம் செருகப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் லிப்போ செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் இஎஸ்சி தடுக்காது. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் தாங்கவில்லை.

விற்றவரைக் கூப்பிட்டேன். ஆர்டர் எடுக்கும்போது நள்ளிரவில்கூடப் பதில் சொன்னவர், மறுநாள்தான் எடுத்தார். “அண்ணா, பாறையில ஓட்டிட்டீங்கல்ல, இனிமே அது யூஸ்டு ஐட்டம். ரிட்டர்ன் வராது.”

“தம்பி, இது ராக் கிராலர். பாறையில் ஓட்டாமல் வேறு எங்கே ஓட்டுவது? பேட்டரி எடையாவது கேளுங்கள்.”

“பேட்டரிக்கு வாரண்டி கிடையாதுண்ணா.”

ஸ்டிக்கருக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும் படத்தை அனுப்பிய பிறகு அந்த எண்ணிலிருந்து பதில் இல்லை. விளம்பரமும் காணாமல் போனது. பெட்டியோடு வந்த பில்லை எடுத்துப் பார்த்தால், கையால் எழுதிய துண்டுச் சீட்டு: ‘ஆர்சி கார் – 1’. சேசிஸ் பெயர், மோட்டார், பேட்டரி அளவு, ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லை.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் யுபிஐ ரசீதும் பத்திரமாக இருந்தன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அதன் பிறகு பேட்டரிக்கும் சர்வோவுக்கும் மட்டும் பணம் திரும்பி வந்தது. மீதிக்கு அசையவில்லை. உதவி எண்ணில் இருப்பவர்கள் பேசித் தீர்க்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. முறையான பில் கொடுக்காததும், பில்லில் காலக்கெடு எதுவும் எழுதாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகள். ‘ஓட்டிட்டீங்க, ரிட்டர்ன் வராது’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கட்டி முடித்த வண்டியைத்தான் வாங்குவீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் வெட்டு இல்லாத ஒரே வீடியோ கேளுங்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள்: அதே ஆக்சிலின் மறு சக்கரம் அதே திசையில் சுற்றினால் லாக், எதிர்த் திசையில் சுற்றினால் லாக் இல்லை. முன்னும் பின்னும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். (2017-இல் வந்த டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 போன்றவற்றில் ரிமோட்டிலேயே லாக்கைப் போட்டு எடுக்கலாம். அவற்றை லாக் போட்ட நிலையில் பார்க்க வேண்டும்.) சரிவான பலகையில் ஏற்றி, பாதியில் ட்ரிகரை விடச் சொல்லுங்கள், அப்படியே நிற்க வேண்டும். பேட்டரியைத் தராசில் வைத்துக் காட்டட்டும். பில்லில் ஒவ்வொரு சாமானின் பெயரும் அளவும் வர வேண்டும். இவற்றில் ஒன்றுக்குச் சாக்குச் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும் ஒரு கிட்டை (பாகம் பாகமாக வரும் பெட்டி) வாங்கி, நீங்களே திருகு திருகாகக் கட்டுவதுதான் நல்லது. பொழுது பிடிக்கும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். நாங்களும் அந்தச் சேசிஸை முழுக்கப் பிரித்து அப்படித்தான் மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீங்கிய லிப்போ உங்களிடமும் இருந்தால் சார்ஜில் போடாதீர்கள், வீட்டுக் குப்பையோடும் போடாதீர்கள். எரியாத பாத்திரத்தில் மணல் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். ‘ஆர்சி கார் – 1’ என்று கையால் எழுதிய சீட்டு வேறு யாருக்காவது வந்திருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்க வேண்டாம். ஆணையத்தில் மனு போடும்போது சேர்ந்தே போடலாம்.