85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் காரின் பெயிண்ட்டை எரித்துக் கொடுத்தார்கள், டீடெய்லிங் விடப் போகிறவர்கள் படியுங்கள்

“வாரண்டி கோட்டிங்குக்கு மட்டும்தான் சார், பெயிண்டுக்கு இல்ல.” காரை மெஷினில் பாலிஷ் போட்டு, மேலே கோட்டிங் பூசித் தருகிற டீடெய்லிங் கடையிலிருந்து இன்று மதியம் வந்த பதில் இது. அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 85,000 ரூபாய் போனது ஒரு பக்கம். திரும்பக் கிடைக்கவே கிடைக்காத ஒரிஜினல் பெயிண்ட்டும் போய்விட்டது. கோபம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது. முழுதாகச் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

கார் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, கறுப்பு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வருடக்கணக்காகச் சேர்த்த பணம். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாகச் சொன்னதிலிருந்து இந்த வண்டிக்கு ஒரு பானட் வேண்டுமென்றாலே அலைய வேண்டும், அதனால் பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் அபார்ட்மெண்டில் புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளரில் விடுவது போர் தண்ணீர். காற்றடித்தால் சாரல் பார்க்கிங் வரை வரும். வெயிலில் துளி காய்ந்ததும் அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாக நின்றுவிடும், கவனிக்காமல் விட்டால் பெயிண்ட்டின் மேலிருக்கும் நிறமற்ற காப்புப் படலமான கிளியர் கோட்டுக்குள்ளேயே இறங்கி அரிக்கும். பானட்டிலும் கூரையிலும் அப்படி நிறைய. போதாததற்கு முந்தைய ஓனர் கண்ட கண்ட துணியால் துடைக்க விட்டதில் வண்டி முழுக்க சுழல் சுழலாக மெல்லிய கீறல்கள். கறுப்பில் இது எவ்வளவு தெரியும் என்று கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு டீடெய்லிங் ஸ்டுடியோ. பெயர் போடவில்லை, காரணம் கடைசியில் இருக்கிறது. அறுகோண எல்இடி விளக்குகள், பளபளவென்று தரை, வாசலில் இரண்டு ஜெர்மன் கார்கள். ஓனரே வெளியே வந்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு பேனலாகக் காட்டினார். டிரைவர் பக்கக் கதவில் நடுவே டேப் ஒட்டி, பாதியை மட்டும் மெஷின் போட்டுத் துடைத்துவிட்டு, “நீங்களே பாருங்க ப்ரோ” என்றார். ஒரு பாதி முழுக்கக் கீறல், மறு பாதி கண்ணாடி. பெயிண்ட்டின் தடிமனை அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றைக் கதவில் வைத்து, “120 மைக்ரான், ஃபேக்டரி பெயிண்ட், தாராளமா மூணு ஸ்டேஜ் பண்ணலாம்” என்றார். பானட்டையும் அளக்கச் சொன்னேன். “அதெல்லாம் கண்ணாலயே சொல்லிடுவேன், பதினஞ்சு வருஷ சர்வீஸ். உங்க வண்டி இனிமே என் வண்டி ப்ரோ” என்று தோளில் கை வைத்தார். அந்த இடத்தில்தான் நம்பினேன். மூன்று ஸ்டேஜ் கரெக்‌ஷன் (மூன்று சுற்றாக மெஷின் போட்டுக் கீறலை எடுப்பது), ஐந்து வருட வாரண்டியோடு செராமிக் கோட்டிங் (பெயிண்ட்டின் மேல் பூசும் மெல்லிய காப்புப் பூச்சு), மொத்தம் 85,000.

பானட்டை அவர் ஏன் அளக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. இந்த மஸ்டாங்கின் பானட்டும் முன்பக்க ஃபெண்டர்களும் அலுமினியம். அவர் கையிலிருந்தது இரும்பின் மேல் மட்டும் வேலை செய்கிற மலிவான மீட்டர், அலுமினியத்தில் வைத்தால் எதுவும் காட்டாது. கம்பெனி பெயிண்ட் மொத்தமே சுமாராக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இராது. கரெக்‌ஷன் என்றால் மேலே எதையும் புதிதாகப் பூசுவதில்லை. கீறலின் அடி வரைக்கும் இந்தக் கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பதுதான் வேலை. எடுத்தது எடுத்ததுதான், திரும்பி வளராது. வளைவிலும் விளிம்பிலும் படலம் இன்னும் மெல்லிசு. அளக்காமல் அங்கே ரோட்டரி மெஷினை, அதாவது ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பாலிஷ் மெஷினை, வைத்து அழுத்தினால் சூட்டில் எரிந்துவிடும். இது தெரியாதவன் பஃப்பிங் மெஷினைக் கையில் எடுக்கவே கூடாது.

டெலிவரி ராத்திரி, அவர்கள் விளக்கு வெளிச்சத்தில். ஜொலித்தது. பணத்தைக் கம்பெனி கணக்கில் வாங்கவில்லை, வேலை பார்க்கிற பையனின் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, “18 பர்சன்ட் கூட ஆகும், வாரண்டி கார்டு இருக்கே சார், அது போதும்” என்றார்கள்.

முதல் தடவை வெயிலில் நிறுத்தியபோதே பானட்டில் எண்ணெய் படர்ந்தமாதிரி பட்டைகள் ஆடின. ஹாலோகிராம் என்பார்கள், ரோட்டரியை அடித்துவிட்டு அடுத்த ஸ்டேஜைச் செய்யாமல் விட்டதற்கு அடையாளம். ஃபோட்டோ அனுப்பினேன். “கோட்டிங் க்யூர் ஆகணும் சார், நல்லா இறுகணும், ஒரு வாரம் தண்ணி படாம வெச்சுக்கோங்க.” சரி என்று வைத்திருந்தேன். அப்புறம் இரண்டு ஷாம்பூ வாஷுக்குள் பழைய சுழல் கீறல்கள் பலவும் திரும்பி வந்து நின்றன. பானட்டின் மேடான மடிப்பில் விரல் நீளத்துக்கு வெளுத்து, மங்கலாக ஒரு திட்டு. தடவினால் சொரசொரப்பு. அங்கே கிளியர் கோட்டே இல்லை.

போன் போட்டால், “நீங்க எங்கயோ வெளியே கழுவியிருக்கீங்க.” என் வீட்டு வாசலில், என் கையால், ஆர்ஓ தண்ணீரில் கழுவினேன் என்றால், “அப்போ அது ஏற்கெனவே இருந்த டேமேஜ்.” அவர்களே எடுத்த ‘முன்பு’ ஃபோட்டோவில் அந்த மடிப்பு சுத்தமாக இருக்கிறதே என்று அனுப்பினால், ஓனர் பெங்களூர் போயிருக்கிறார். நேரில் போனேன். கண்ணாடி அறைக்குள் ஓனர் உட்கார்ந்திருக்கிறார், வெளியே பையன், “சார் மீட்டிங்ல இருக்காரு” என்கிறான். கடைசியில் வெளியே வந்தவர் சொன்னது: “ரெண்டு ஃப்ரீ வாஷ் போட்டுத் தரேன் ப்ரோ, விட்டுடுங்க.” 85,000 ரூபாய்க்கு இரண்டு வாஷ்! தோளில் கை போட்ட அதே மனிதர், நான் யாரோ எவரோ என்பதுபோலப் பேசினார்.

வேறொரு அனுபவமுள்ள பெயிண்டரிடம் காட்டினேன். அவரிடம் அலுமினியத்தையும் அளக்கும் மீட்டர் இருந்தது. பானட் நடுவில் 110 மைக்ரான், மடிப்புக்குப் பக்கத்தில் 60 சொச்சம். அந்தக் கதவை ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தார், பளபளத்த பாதியிலிருந்து கீறல்கள் அப்படியே வெளியே வந்தன. டெமோ காட்டும்போதே கீறலை எடுக்கவில்லை, கிளேஸ் என்கிற பூச்சைத் தடவிக் கீறலை அடைத்து மறைத்திருக்கிறார்கள். அதாவது முதல் நிமிடத்திலிருந்தே ஏமாற்று. பானட்டை இனி முழுதாக ரீபெயிண்ட் செய்வதுதான் வழி என்கிறார். விற்கும்போது முதலில் கேட்பதே ஒரிஜினல் பெயிண்ட்டா என்றுதான், இனி நான் என்ன பதில் சொல்வேன்?

ஐந்து வருட வாரண்டி கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்: வருடா வருடம் அவர்களிடமே காசு கொடுத்து மெயின்டனன்ஸ் செய்யாவிட்டால் வாரண்டி செல்லாது, கெமிக்கல் கறை, தண்ணீர்க் கறை எதற்கும் பொறுப்பில்லை. தண்ணீர்க் கறைக்காகத்தானே ஐயா போனேன்!

சொன்னபடி, கவனிக்க வேண்டியவை. எழுதப் பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும். எல்லாப் பேனலையும் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள், பானட் அலுமினியம் என்றால் அதற்கான மீட்டரில்; எண்களை எழுதி வாங்குங்கள். டெமோ காட்டினால் ஆல்கஹால் போட்டுத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோட்டிங் போடுவதற்கு முன்னால் வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள், செராமிக் கோட்டிங் பொதுவாக ஒரு மைக்ரான் சமாச்சாரம், கீறலை மறைக்காது, கல் அடித்தால் தாங்காது, 9எச் (பென்சில் வைத்துப் பார்க்கும் கடினத்தன்மை அளவு) என்று சொன்னால் மயங்காதீர்கள். பில் இல்லாமல், தனி ஆள் நம்பருக்கு, ஒரு ரூபாய் போடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அவர்களே எடுத்த ‘முன்பு’ ஃபோட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். வழக்குப் போடுவதால்தான் பெயரைச் சொல்லவில்லை. அந்த 85,000-ஐயும், பானட் ரீபெயிண்ட் செலவையும் வாங்காமல் விடப் போவதில்லை.