கீழ்த்தாடையைப் பின்னுக்கு நகர்த்த இரண்டு வழிகள்: எதை இழக்கிறோம், எதைக் காக்கிறோம்?

தாடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் மோவாயில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது. எதிரே இருப்பவர் சொன்ன பிறகுதான் அவர் துடைத்துக்கொள்கிறார். கடி சரியாகிவிட்டது, முகமும் திருந்திவிட்டது. கீழுதட்டில் பாதி மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கிறது. துருத்திய கீழ்த்தாடையைப் பின்னுக்கு நகர்த்தும் அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள், எலும்பை எந்த முறையில் வெட்டப்போகிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டே தீர வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இன்று பரவலாகச் செய்யப்படுவது பி.எஸ்.எஸ்.ஓ. (BSSO) முறை, அதாவது இருபுறமும் தாடை எலும்பை நீளவாக்கில் பிளப்பது. 1957இல் டிரவுனர், ஓப்வெகேசர் என்ற அறுவை மருத்துவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பின் உலகெங்கும் பரவியது. காதுக்குக் கீழே ஏறிச் செல்லும் தாடை எலும்பை, பனைமட்டையைக் கிழிப்பதுபோல் உள்புறம் வெளிப்புறம் என இரண்டாகப் பிளக்கிறார்கள். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு சரியாக அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. நரம்பு அறுபடாவிட்டாலும் இழுபடுகிறது, நசுங்குகிறது. அதனால் முதல் வாரங்களில் பெரும்பாலோருக்கு மரத்துப்போகிறது. மாதக்கணக்கில் மெல்லத் தேறுகிறது. சிலருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. வயது ஏற ஏற உணர்வு திரும்பாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது.

மற்றொன்று ஐ.வி.ஆர்.ஓ. (IVRO), அதாவது வாய்க்குள்ளிருந்து தாடை எலும்பைச் செங்குத்தாக வெட்டுவது. 1954இல் கால்டுவெல், லெட்டர்மன் என்ற மருத்துவர்கள் வெளித்தோலைக் கீறிச் செய்த செங்குத்து வெட்டு, பின்னாளில் வாய்க்குள்ளிருந்தே செய்யும்படி மாறியது. நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்குப் பின்னால் மேலிருந்து கீழாக வெட்டுகிறார்கள். நரம்பு வெட்டின் பாதையில் இல்லாததால் உதடு மரத்துப்போவது மிகவும் குறைவு. அறுவை நேரமும் பொதுவாகக் குறைவு.

அதற்கான விலை பெரிது. பி.எஸ்.எஸ்.ஓ.வில் 1974இல் ஸ்பீஸ்ல் என்ற மருத்துவர் திருகாணிகளால் எலும்பை இறுக்கிக் காட்டிய பிறகு, நோயாளி சீக்கிரமே வாயைத் திறக்க முடிகிறது. ஐ.வி.ஆர்.ஓ.வில் பெரும்பாலும் திருகாணி கிடையாது. வெட்டிய எலும்புத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தானாகவே சேர வேண்டும். எனவே மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் சேர்த்துச் சில வாரங்கள் கம்பியால் கட்டிவைக்கிறார்கள். கஞ்சி, ரசம், பால் என்றே நாள்கள் நகரும், உடல் மெலியும். வாந்தி வந்தால் ஆபத்து என்பதால் கம்பியைத் துண்டிக்கும் குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆஸ்துமாவோ வலிப்போ உள்ளவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். தாடையை முன்னே கொண்டுவர வேண்டியவர்களுக்கும் இது பயன்படாது.

எலும்பு திட்டமிட்டபடி பிளக்காமல் வேறு இடத்தில் உடைவது பி.எஸ்.எஸ்.ஓ.வுக்கே உரிய சிக்கல். கடைவாயின் ஞானப்பல்லைச் சில மாதங்கள் முன்பே எடுத்துவிடப் பல மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். தாடை மூட்டு தவறான நிலையில் இருக்கும்போது திருகாணி இறுகிவிட்டால் மூட்டுக்குச் சுமை, கடியும் மாறும். ஐ.வி.ஆர்.ஓ.வில் மூட்டு தன் இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது. மூட்டில் சொடுக்கு ஒலியும் வலியும் இருந்தவர்களில் சிலருக்கு அவை தணிவதும் உண்டு. மறுபுறம், கட்டை முன்கூட்டியே அவிழ்த்தால் முன்பற்கள் சேராமல் இடைவெளி விழும்.

பின்னுக்கு நகர்த்துவது மட்டுமே தேவை, உடல்நிலையும் இடம்கொடுக்கிறது, வாரக்கணக்கில் வாயைக் கட்டிவைக்க மனமும் இசைகிறது என்றால், என் கட்சி ஐ.வி.ஆர்.ஓ. பக்கம்தான். சில வாரப் பட்டினிக்கு முடிவு உண்டு. திரும்பாத உணர்வுக்கு இல்லை.

எந்த வெட்டானாலும் தாடை பின்னே போனால் நாக்கும் உடன் போகிறது, தொண்டையின் காற்றுவழி ஒடுங்குகிறது. குறட்டை விடுபவர்கள் முன்னதாகவே தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். மேல்தாடையை முன்னே கொண்டுவர இடமிருந்தால், கீழ்த்தாடையை அவ்வளவு தூரம் தள்ள வேண்டியிருக்காது.