சுழற்று சைக்ரோமீட்டர்: இரண்டாம் ஆண்டிலிருந்து என்னோடு இருக்கும் கருவி

தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரமான டர்பனில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறேன். படிப்பு முடிந்ததும் கட்டடங்களுக்கான ஏசி, காற்றோட்ட வடிவமைப்பு வேலைக்குத்தான் போகப்போகிறேன். காற்றின் ஈரப்பதத்தை அளக்க இரண்டாம் ஆண்டில் வாங்கிய சுழற்று சைக்ரோமீட்டரை இன்றும் பையில் வைத்திருக்கிறேன். இதே துறைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஒரு சட்டத்தில் இரண்டு கண்ணாடி வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் பருத்தித் திரி, அது ஈரக்குமிழ். திரி இல்லாதது உலர்குமிழ். திரியை நனைத்து, கைப்பிடியைப் பிடித்துக் கிலுகிலுப்பை மாதிரி சுழற்ற வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் திரித் தண்ணீர் வேகமாக ஆவியாகி அந்தக் குமிழ் நன்றாகக் குளிரும். நிறுத்தியதும் ஈரக்குமிழைத்தான் முதலில் படிக்க வேண்டும். தாமதித்தால் அளவு ஏறிவிடும். திரும்பத் திரும்பச் சுழற்றி, இறக்கம் நின்ற பிறகே குறித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்குப் போன ஒரு கட்டடத்தில் ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்புக் கறை. குழாய் ஒழுகுகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். சீலிங்குக்கு மேலே அளந்தேன்: உலர்குமிழ் 30 டிகிரி, ஈரக்குமிழ் 25. இந்த இரண்டு அளவுகளிலிருந்து ஈரப்பதத்தைப் படிக்க உதவும் சைக்ரோமெட்ரிக் சார்ட்டில் பார்த்தால் ஈரப்பதம் சுமார் 67 சதவீதம். காற்றின் நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலை 23 டிகிரி. குழாய்க்குள் ஓடுவதோ ஏசிக்காகச் சில்லர் இயந்திரம் குளிரவைத்த 7 டிகிரி தண்ணீர். குழாயைச் சுற்றிய வெப்பக்காப்பு உறையின் இணைப்பில் டேப் பிரிந்திருந்த இடத்தில் குழாய் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பாடத்தில் படித்த பனிநிலை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

தைப்பூசத்தன்று கோவில் மண்டபத்திலும் அளந்து பார்த்தேன். கூட்டம் சேரச் சேர உலர்குமிழைவிட ஈரக்குமிழ்தான் வேகமாக ஏறியது. ஆட்கள் வெப்பத்தோடு ஈரத்தையும் வெளிவிடுகிறார்கள். மண்டபத்துக்கு ஏசி கணக்குப் போடுகிறவர்கள் அந்த ஈரத்தை விட்டுவிட்டால், அறை சில்லென்று இருந்தும் பிசுபிசுப்பு போகாது.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது சார்ட்டைப் பற்றி. நவீன ஏசியின் முன்னோடியான வில்லிஸ் கேரியர் 1911இல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் முன்வைத்த சூத்திரங்களிலிருந்து வளர்ந்தது அது. நம் பாடப்புத்தகங்களில் வருவது கடல்மட்டச் சார்ட், அதாவது காற்றழுத்தம் 101.325 கிலோபாஸ்கல். டர்பனுக்கு அது சரி. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம், அங்கே அழுத்தம் சுமார் 83 கிலோபாஸ்கல்தான். உலர்குமிழ் 28, ஈரக்குமிழ் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் ஒரு கிலோ உலர்காற்றில் 8.7 கிராம் நீராவி. அதே அளவுகளுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் 11.6 கிராம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! காற்றின் அடர்த்தியும் குறைவு என்பதால், அதே வெப்பத்தை எடுக்க ஃபேன் அதிகக் கன அளவு காற்றைத் தள்ள வேண்டும். நம்மில் பாதிப் பேர் வேலைக்கு அங்கேதான் போகிறோம். தப்பான சார்ட்டோடு போகாதீர்கள். மொபைல் ஆப்களிலும் அழுத்தம் கடல்மட்டமாகவே இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. சுழற்றக் கை நீளத்துக்கு இடம் வேண்டும். காற்று போகும் குழாயான டக்டுக்குள் வேலைக்கே ஆகாது. கண்ணாடி என்பதால் உறை இல்லாமல் பையில் போடக் கூடாது. என்னுடையதில் கைப்பிடி ஆணி தளர்ந்து, வாஷர் மாற்றினேன். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் திரியில் உப்புப் படிந்து ஈரக்குமிழ் கூடுதலாகக் காட்டும், வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். அரை டிகிரிக்குக் கீழே படிப்பது கடினம்.

கூடவே வாங்கிய டிஜிட்டல் மீட்டர் டக்டுக்குள் அளக்க வசதி. ஆனால் கடற்கரைக் காற்றில் நாளாக நாளாக அதன் ஈரப்பத அளவு விலகிப் போனது. விலகியதைக் கண்டுபிடித்ததே இந்த சைக்ரோமீட்டரை வைத்துத்தான். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் இதை வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு வெப்பமானிகளும் திரி நனையாமல் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மாற்றுத் திரியும் கேட்டு வாங்குங்கள்.